எழுபத்தெட்டுக்கு ஒரு நன்றிப் பூசை

சேசு மரி சூசை துணை

தூத்துக்குடி,
டிசம்பர் 22, ஞாயிறு மத்தியானம்.

என் தங்கப் பேத்தி ஜெர்லினுக்கு உன் பாட்டி பிளாரன்ஸ் எழுதுவது. இங்கே நான், உன் அப்பா, அம்மா மூவரும் சுகமே. சென்னையில் உன் சுகத்துக்காக மாதாவிடம் தினமும் கேட்டுக்கொண்டிருக்கிறேன்.

வியாழக்கிழமையிலிருந்து உனக்குப் போன் போட்டுப் பார்க்கிறேன், நீ எடுக்கவில்லை. இரண்டு வருஷமாகப் படித்த அலுப்பில் தூங்குகிறாய் என்று நினைத்துக்கொண்டேன். தூங்கு. செவ்வாய்க்கிழமை காலையில் முத்துநகர் எக்ஸ்பிரசில் வந்து இறங்கினால் நேரிலேயே பேசிக்கொள்ளலாம்தான். ஆனால் சில விஷயத்தை எழுதினால்தான் எனக்கு ஆறும். உன் தாத்தா தோணியில் தண்டலாக, ஏழெட்டு ஆட்களை வைத்துக்கொண்டு கொழும்புக்கும் மாலத்தீவுக்கும் சரக்கு ஏற்றிப் போன காலத்தில், உன் அப்பன் பிறந்ததைக்கூடக் கடிதம் எழுதித்தான் சொன்னேன். ஐந்தாம் வகுப்போடு நின்றவள் என்றாலும் என் கையெழுத்தைத் தோணிக்காரர்கள் வாங்கிப் பார்ப்பார்களாம். இந்தக் கடிதம் நீ புறப்படுவதற்குள் கிடைக்குமோ கிடைக்காதோ. கிடைக்காவிட்டால் லீவு முடிந்து போனதும் வாசித்துக்கொள்.

உன் மார்க்கு எனக்கு எப்படித் தெரியும் என்று கேட்பாய். வெள்ளிக்கிழமை காலையில் உன் அப்பா குளிக்கப் போகும்போது போனைச் சாப்பாட்டு மேசையில் வைத்துவிட்டுப் போனான். நீ அனுப்பின ரிசல்ட் தாள் அதில் திறந்தபடியே இருந்தது. இங்கிலீஷ் எனக்குத் தெரியாது, எண் தெரியும். உன் போட்டோ, அதற்குக் கீழே கட்டம் கட்டமாக என்னென்னவோ, கடைசியில் எழுபத்தெட்டு, ஒரு புள்ளி, முப்பத்தாறு. அவன் தலையைத் துவட்டிக்கொண்டு வந்ததும், “ஏலே ரெக்சன், பிள்ளைக்கு எழுபத்தெட்டா” என்று கேட்டேன். “ஆமாம்மா, எழுபத்தெட்டுதான்” என்றான். சாப்பிடாமல் சட்டையை மாட்டிக்கொண்டு கிளியரிங் ஆபீசுக்குப் போய்விட்டான். ஏதோ கப்பல் வந்து நிற்கிறது போல, அந்த அவசரம் என்று நினைத்தேன். சந்தோஷத்தைக் காட்டத் தெரியாத பயல், அவன் அப்பாவைப் போலவே.

எனக்கு ஐந்தாம் வகுப்பில் கணக்கில் அறுபத்தொன்று. அதற்கே சிஸ்டர் என்னை எல்லாப் பிள்ளைகளுக்கும் முன்னால் கூப்பிட்டு ஒரு ஜெபமாலை கொடுத்தார்கள். இந்தப் பரீட்சையை மூன்று லட்சம் பேர் எழுதுவதாக நீதான் சொன்னாய். அதில் எழுபத்தெட்டு என்றால் சும்மாவா.

உன் அப்பாவுக்கும் அம்மாவுக்கும் சொல்லாமல் நான் நேரே கோவிலுக்குப் போய் உபதேசியார் தேவமணியைப் பார்த்தேன். பூசைக்கு முன்னால், இது யாருக்காக, எதற்காக என்கிற கருத்துகளை அவர்தானே மைக்கில் வாசிக்கிறார். ஞாயிறு ஏழு மணிப் பூசைக்கு உன் பெயரில் நன்றிப் பூசை எழுதிக்கொள்ளச் சொன்னேன். “பேரு மட்டும் சொன்னா போதாதா, மார்க்கும் சொல்லணுமா” என்று கேட்டார். “சொல்லணும் உபதேசியாரே, அதுக்குத்தானே வந்திருக்கேன்” என்றேன்.

இன்று காலையில் அவர் வாசித்ததை அப்படியே எழுதுகிறேன். அகில இந்திய நுழைவுத் தேர்வில் எழுபத்தெட்டு மதிப்பெண் பெற்று, பெரிய நிர்வாகக் கல்லூரியில் சேர இருக்கும் செல்வி ஜெர்லின் மச்சாதுவுக்காக, அவருடைய பாட்டி நன்றியாக ஒப்புக்கொடுக்கும் திருப்பலி. சேர இருக்கும் என்பது நான் சொல்லி எழுதச் சொன்னது. காணிக்கைப் பவனியில் பழத்தட்டை நானே தூக்கிக்கொண்டு போனேன். எதிர்வீட்டு கிளாடிஸ் மூன்றாம் பெஞ்சில் இருந்து திரும்பித் திரும்பிப் பார்த்தாள். அவள் பேத்தி ஷெர்லின் பேங்க் பரீட்சையில் தேறினபோது தெரு முழுக்கக் கேக் கொடுத்துவிட்டு, எனக்கு மட்டும் கையில் தராமல் உன் அம்மாவிடம் கொடுத்துவிட்டுப் போனவள். பார்க்கட்டும்.

இப்போது பூசையைப் போனிலும் காட்டுகிறார்களாமே. துபாயில் இருக்கிற நம் ஆட்களெல்லாம் அதில்தான் பார்க்கிறார்களாம். நீயும் பார்த்திருப்பாய்.

வரும்போது காலுக்குச் செருப்பு வாங்கி வராதே, போன தடவை வாங்கினதே புதிதாக இருக்கிறது. மாதா உன் வழித்துணை.

உன் பாட்டி
பிளாரன்ஸ்


சேசு மரி சூசை துணை

தூத்துக்குடி,
டிசம்பர் 30.

அன்புள்ள ஜெர்லினுக்குப் பாட்டி எழுதுவது.

போன கடிதத்தைப் பிரித்திருந்தால் கிழித்துப் போட்டுவிடு. பிரிக்கவில்லை என்றால் பிரிக்காதே.

24ஆம் தேதி காலையில் உன் அப்பா பைக்கை எடுத்துக்கொண்டு ஸ்டேஷனுக்குப் போனான். நீ வரவில்லை என்று முந்தின நாளே அவனுக்குச் செய்தி அனுப்பிவிட்டாயாம். இருந்தும் மனசு மாறி ஏறியிருப்பாய் என்று போயிருக்கிறான். கடைசி ஆள் இறங்கிப் போகிற வரைக்கும் நின்றுவிட்டு வந்தான். நான் குசினியில் தொதல் கிண்டிக்கொண்டிருந்தேன். “எங்கலே பிள்ளை” என்றேன். “அவ வரலம்மா” என்றான். வண்டியைத் தவறவிட்டுவிட்டாளா என்று கேட்டேன். உன் அம்மாதான் கரண்டியை என் கையிலிருந்து வாங்கி, அடுப்பை அணைத்துவிட்டு, “மாமி, அது மார்க்கு இல்ல. பிள்ளைக்குக் கிடைக்கல. நீங்க அதைப் போய் மைக்ல சொல்ல வச்சிருக்கீங்க” என்றாள். இருபத்தாறு வருஷத்தில் ரீனா என்னிடம் சத்தம் கூட்டிப் பேசினது அன்றுதான். ஞாயிறு சாயங்காலப் பூசைக்குப் போனபோதே அவர்களுக்கு விஷயம் தெரிந்துவிட்டதாம். எனக்குச் சொல்ல வாய் வராமல் இரண்டு நாள் என் முகத்தைப் பார்க்காமலே நடந்திருக்கிறார்கள். நான் அதையும் கவனிக்கவில்லை. தெருவில் யார் வந்தாலும் எழுபத்தெட்டு எழுபத்தெட்டு என்று சொல்லிக்கொண்டிருந்தேன்.

தொதல் அடிப்பிடித்துப் போயிற்று. இந்தக் கிறிஸ்மசுக்கு நம் வீட்டில் பலகாரம் இல்லை.

அது என்ன கணக்கு என்று எனக்கு விளங்கவில்லை. மளிகைக்கடை காசிலிங்கம் அண்ணாச்சியிடம் போய்க் கேட்டேன். அவர் மகன் சிவப்பிரகாஷும் போன வருஷம் அதே பரீட்சையை எழுதினவன். அண்ணாச்சி சொன்னார்: “நூறு பேரு எழுதுதான்னு வைங்க பெரியம்மா. எழுபத்தெட்டு பேரு உங்க பேத்திக்குப் பின்னால நிக்கான். அது ஒண்ணும் கேவலம் இல்ல. ஆனா அந்தப் பெரிய காலேஜுல தொண்ணூத்தொம்பது பேரைத் தாண்டி வாரவனைத்தான் உள்ள விடுதான். என் மவனுக்கு அறுபத்திரண்டு. இங்கன நின்னு பருப்பு நிறுக்கான். அதையாவது சரியா நிறுக்கானான்னு கேளுங்க.” சிவப்பிரகாஷ் சிரித்தான். சிரிக்க முடிகிறது அந்தப் பிள்ளைக்கு. நான் பார்த்துக்கொண்டே நின்றேன்.

எழுபத்தெட்டு பேரைத் தாண்டி வந்தவளைத் தோற்றவள் என்று சொல்கிற கணக்கு எனக்கு இன்னும் பிடிபடவில்லை. பிடிபடாததை நான் ஊருக்கு வாசிக்கச் சொல்லியிருக்கக் கூடாது. உபதேசியார் கேட்டார் அல்லவா, மார்க்கும் சொல்லணுமா என்று. அந்த இடத்தில் மாதா எனக்கு ஒரு வாசல் திறந்து வைத்திருக்கிறாள். நான்தான் அதைச் சாத்தினேன்.

ஷெர்லின் அந்தப் பூசையிலிருந்து அந்தத் துண்டை மட்டும் வெட்டி எடுத்து, சிரித்துச் சிரித்துக் கண்ணீர் விடுகிற மூஞ்சிப் படத்தோடு வாட்ஸ்அப் ஸ்டேட்டசில் போட்டதாகவும், அதை நீ பார்த்ததாகவும் உன் அப்பா சொன்னான். எனக்கும் காட்டச் சொன்னேன். வேண்டாம் என்றான். காட்டித்தான் ஆகவேண்டும் என்றேன். உன் பெயரை வாசிக்கும்போது நான் எழுந்து நிற்கிறேன். யாரும் எழுந்து நிற்பதில்லை அதற்கு. நான் எழுந்து, பின்னால் இருக்கிறவர்களைச் சுற்றி ஒரு பார்வை பார்த்துவிட்டு உட்காருகிறேன். இருபது செகண்டு இருக்கும். மூன்று தடவை போடச் சொல்லிப் பார்த்தேன்.

கிறிஸ்மசுக்கு மறுநாள் கிளாடிஸ் வீட்டுக்குப் போனேன். பதினோரு வருஷமாக அந்தப் படி ஏறாதவள். அவள் என்னைப் பார்த்ததும், “ஏளா ஷெர்லின், நாற்காலியைப் போடு” என்று மட்டும் சொன்னாள். நான் உட்காரவில்லை. அதை எடுத்துவிடு மக்கா, என் தப்புக்கு என்னைச் சிரி, அவளைச் சிரிக்காதே என்று சொன்னேன். ஷெர்லின் தலையைத் தூக்கவில்லை. “அது ஒரு நாள்தான் பாட்டி நிக்கும், அதுவா போயிட்டு. நான் போட்டிருக்கக் கூடாது” என்றாள். வாசல் வரை கூட வந்த கிளாடிஸ் என்ன சொன்னாள் தெரியுமா. “நானுந்தான் மார்க்குன்னு நினைச்சேன் பிளாரன்ஸ். அன்னைக்கு வயிறு எரிஞ்சு ராத்திரி சாப்பிடல” என்றாள். எனக்குச் சிரிப்பு வந்தது. வாசலைத் தாண்டியதும் அது போய்விட்டது.

கோவிலில் பூசையை நேரலையில் போடுகிற தம்பியிடமும் சொல்லிவிட்டேன். அந்தப் பகுதியை எடுத்துவிட்டார்கள்.

ஜனவரி ஐந்தாம் தேதி உனக்கு இன்னொரு பரீட்சை இருப்பதாக ரீனா சொன்னாள். சவேரியார் பெயரிலேயே ஒரு பரீட்சையாமே. அவர் நம் கடற்கரைக்கு வந்து நம் முன்னோருக்கு ஜெபம் சொல்லிக் கொடுத்தவர் என்று ஏதோ எழுத வருகிறது. எழுதமாட்டேன். இந்தத் தடவை ஒரு மெழுகுதிரிகூட ஏற்ற மாட்டேன். யாரிடமும் சொல்லமாட்டேன். நீ எழுதினாயா, எப்படி எழுதினாய் என்று உன்னிடமும் கேட்கமாட்டேன்.

என் மேல் உனக்கு எவ்வளவு கோபம் இருக்கும் என்று தெரியும். அது ஆறட்டும். ஆறினதும் வா. மன்னிப்புக் கேட்க எனக்குத் தெரியாது, உன் தாத்தாவிடம்கூட நான் கேட்டதில்லை. உன்னிடம் கேட்கிறேன்.

உன் பாட்டி
பிளாரன்ஸ்


சேசு மரி சூசை துணை

தூத்துக்குடி,
பிப்ரவரி 3.

அன்பான ஜெர்லினுக்கு, பாட்டி எழுதுவது. இதை உன் அம்மா உன் கையில் கொடுப்பாள்.

இங்கே நானும் உன் அப்பாவும் மட்டும். ரீனா லீவு போட்டு உன் ஹாஸ்டலில் உன்னோடு வந்து தங்கி மூன்று வாரம் ஆகிறது. சமையலை நான் பார்த்துக்கொள்கிறேன். ஒரு வாரமாகக் காற்று பலம், வள்ளங்கள் போகவில்லை, மார்க்கெட்டில் ஐஸ் மீன்தான். உன் அப்பா குழம்பு நன்றாக இருக்கிறது என்று சொல்லிவிட்டு மீனை ஒதுக்கி வைத்துவிடுகிறான்.

பொங்கல் லீவில் அவன் உன்னைப் பார்த்துவிட்டு வந்தான். மூன்றாம் நாள் அவனைச் சாப்பாட்டு மேசையில் உட்காரவைத்துக் கேட்டேன். உன் ஹாஸ்டல் அறையில் பகலிலும் திரைச்சீலை மூடியிருந்ததாம். சவேரியார் பரீட்சைக்கு நீ போகவில்லையாம். அதுகூடப் பெரிதில்லை. செப்டம்பரிலிருந்தே கோச்சிங் வகுப்புக்கு நீ போகவில்லை, பாதி நாள் கட்டிலைவிட்டு எழுந்திருக்கவில்லை, அப்படியே கிடந்துவிட்டுத்தான் நவம்பரில் பரீட்சையையும் எழுதியிருக்கிறாய் என்றான். அக்டோபரில் நீ போனில் பேசினபோது நன்றாகப் படிக்கிறேன் பாட்டி என்றாய். நான் உடனே, நம் குடும்பத்தில் யாரும் தொடாத உயரம் என்று ஆரம்பித்துவிட்டேன். உன்னைப் பேச விடவில்லை. பிறகு எத்தனையோ தடவை அந்தப் பேச்சை நினைத்துப் பார்த்துவிட்டேன்.

ரீனா உன்னை ஒரு டாக்டரம்மாவிடம் கூட்டிப் போகிறாளாம். மாத்திரையும் உண்டு, வாரத்துக்கு ஒரு நாள் உட்கார்ந்து பேசுவதும் உண்டு என்று உன் அப்பா சொன்னான். முதலில் எனக்கு அது பிடிக்கவில்லை, உள்ளதைச் சொல்கிறேன். நம் வீட்டுப் பிள்ளைக்கா என்று நினைத்தேன். பிறகு அந்த எண்ணம்தான் என்னைக் கோவிலில் எழுந்து நிற்க வைத்தது என்று புரிந்தது. போ மக்கா. அந்த அம்மாவிடம் என்னைப் பற்றியும் சொல்லு. எதையும் மறைக்காதே.

தெருவில் எப்படி நடப்பேன் என்று அம்மாவிடம் கேட்டாயாம். தெரு மறந்துவிட்டது என்று பொய் எழுத மாட்டேன். போன வாரம்கூட ரொட்டிக்கடையில் ஒருத்தி, பேத்தி எந்த காலேஜ் என்று கேட்டாள். கிடைக்கல, நான்தான் தப்பாச் சொல்லிட்டேன் என்று சொன்னேன். இப்போது கேட்கிறவர்கள் எல்லாருக்கும் அதைத்தான் சொல்கிறேன். அவர்கள் என்னைப் பார்க்கிற பார்வையை நான் வாங்கிக்கொள்கிறேன்.

நீ முன்பு வேலை பார்த்த ஷிப்பிங் ஆபீசில் அப்பா கேட்டிருக்கிறான். வந்தால் எடுத்துக்கொள்வார்களாம். அதைச் செய் என்று நான் சொல்லவில்லை. திரும்பப் பரீட்சை எழுது என்றும் சொல்லவில்லை. இரண்டில் எதைச் செய்தாலும், இரண்டையும் செய்யாவிட்டாலும், என் வாயிலிருந்து வெளியே போகாது.

அப்பா புறப்படும்போது நீ ஒரு கேள்வி கேட்டாயாம். அந்தப் பூசையில் பாட்டி கட்டியிருந்தது எந்தச் சேலை என்று. அவனுக்குச் சொல்லத் தெரியவில்லை, ஆம்பிளைக்கு என்ன தெரியும். நான் சொல்கிறேன். கத்தரிப்பூ நிறம், மாம்பிஞ்சுக் கரை. உன் முதல் சம்பளத்தில் நீ எடுத்துத் தந்தது. நீ பாஸாகிற அன்றைக்குத்தான் கட்டுவது என்று மடிப்புக் கலைக்காமல் வைத்திருந்தேன். அன்றைக்குக் கட்டினேன். உனக்கு அடையாளம் தெரிந்திருக்கும், தெரிந்துதான் கேட்டிருப்பாய். ஏன் கேட்டாய் என்று எனக்குத் தெரியவில்லை. ஆனால் மூன்று நாளில் நீ அவனிடம் கேட்ட ஒரே கேள்வி அதுதான் என்று ரெக்சன் சொன்னான். அதை வைத்துக்கொண்டுதான் இந்த இரண்டு வாரமாக இருக்கிறேன்.

பாட்டி மேல் கோபமா என்று அப்பா உன்னிடம் கேட்டானாம். இல்லை என்று தலையை ஆட்டினாயாம், அவ்வளவுதானாம். “கோவமெல்லாம் இல்லம்மா. எதுவுமே இல்ல அவகிட்ட” என்றான். சொல்லிவிட்டுக் கொல்லைப்பக்கம் போய் ரொம்ப நேரம் குழாயைத் திறந்து வைத்துக்கொண்டு நின்றான்.

நீ என்னைக் கண்டபடி திட்டினாய் என்று அவன் வந்து சொல்லியிருந்தால் நான் அன்று தூங்கியிருப்பேன். சின்னப் பிள்ளையில் உன் சிலேட்டை நான் அழித்துவிட்டேன் என்று நாள் பூராவும் என்னோடு சண்டை போட்டவள் நீ. அப்படிப்பட்டவள் கோபம் இல்லை என்று சொன்னால் எனக்குப் பயமாக இருக்கிறது.

ரீனா அங்கே சரியாகத் தூங்குவதில்லை என்று போனில் குரலைக் கேட்டாலே தெரிகிறது. ராத்திரியெல்லாம் உன் மேல் ஒரு கண் வைத்துக்கொண்டு கிடக்கிறாள். பகலில் கொஞ்ச நேரம் அவளைப் படுக்கச் சொல். நீயும் அவளைத் தொட்டுக்கொண்டே படு.

ஒன்றே ஒன்று கேட்கிறேன் மக்கா. ஒரு நாள் எனக்குப் போன் போடு. உன் போன் வேண்டாம் என்றால் அம்மா போனில் போடு. போட்டு, ஏ கிழவி, உன்னை யாரு சொல்லச் சொன்னா என்று கேள். ஊரைக் கூட்டி என் மானத்தை வாங்கிட்டியே என்று கேள். வாயில் வந்ததைச் சொல், நான் குறுக்கே ஒரு வார்த்தை பேசமாட்டேன். அழுதாலும் உனக்குக் கேட்காது. நீ சத்தம் போட்டு முடிக்கிற வரைக்கும் போனைக் காதிலிருந்து எடுக்கமாட்டேன், எவ்வளவு நேரம் ஆனாலும்.

தஸ்நேவிஸ் மாதா உன்னையும், உன் பக்கத்தில் விழித்திருக்கிற உன் அம்மாவையும் காப்பாற்றட்டும்.

உன் சத்தத்துக்குக் காத்திருக்கும்
பாட்டி பிளாரன்ஸ்